கடையாணி விஷயம்

கரிசல் பூமியில் மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குக் கடையாணியின் மகிமை தெரியும். வண்டி எவ்வளவு பெரியதாயினும், மாடுகள் எவ்வளவு உயர்ந்தவையாயினும், சக்கரம் அச்சை விட்டு ஓடிப் போகாமல் காப்பது அந்தச் சிறிய இரும்புத் துண்டுதான். உருவத்தைக் கண்டு யாரையும் இகழலாகாது என்று சொல்ல வந்த திருவள்ளுவர், தேரின் அச்சாணியையே சாட்சிக்கு அழைத்தார். அவர் சொல்லி இத்தனை காலமாகியும் நாம் பாடம் கற்றுக் கொண்டோமா என்றால், சென்ற சனிக்கிழமை வரையில் நம் குடும்பத்தில் கற்றுக் கொள்ளவில்லை.

நம் தமக்கை மகன் கோவில்பட்டியில் வீட்டுக் கொல்லையிலே தகரக் கொட்டகை போட்டு, சொந்தமாக ஒரு மோட்டார் கார் கட்டிக் கொண்டிருக்கிறான். இருவர் உட்காரக் கூடிய சிறிய வண்டி. "பையனுக்கு மரை கழன்று விட்டது" என்று தெருவில் சிலர் சொல்லுகிறார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே யந்திர வித்தையைக் கற்றவர். 1952-ம் வருஷத்தில் 2,000 ரூபாய் விலையில் இருவர் செல்லும் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். அதை உற்பத்தி செய்யச் சர்க்கார் அனுமதிதான் கிடைக்கவில்லை. ஆகவே கொல்லையில் கார் கட்டுவது பைத்தியக்காரத்தனமல்ல. அதை எதைக் கொண்டு பூட்டுகிறோம் என்பதே விஷயம்.

சக்கரங்களைச் சட்டத்தோடு சேர்த்து, மேடு பள்ளத்தில் ஏறி இறங்க விடும் அமைப்புக்கு சஸ்பென்ஷன் என்று பெயர். பையன் பழைய அம்பாஸிடர் காரின் பாகங்களை இதற்காக வாங்கியிருந்தான். மாதக் கணக்கில் அலைந்து, பேரம் பேசி, ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து வாங்கினான். அவற்றைப் பூட்டும் போல்ட்டுகளை மட்டும் ஒரு கடையில் எடை போட்டு, காகிதப் பொட்டலத்தில் வாங்கி வந்து விட்டான்! கடைக்காரர் மேல் குற்றமில்லை. கதவுக்கும் கொட்டகைக்கும் அவை போதும்.

போட்டுப் பார்த்தால் போல்ட்டு ஆடியது. துளை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லி மீட்டர். போல்ட்டோ 12 மில்லி மீட்டர். "கொஞ்சம் தகரம் சுற்றிச் சரிக்கட்டி விடலாம், மாமா" என்றான். நம் தேசத்தில் பாலம் முதல் பரீட்சை வரையில் கெடுத்து வருவது இந்தச் 'சரிக்கட்டி விடலாம்' தானே! நாம் பேசாமல் அவனை லாரிப் பட்டறைப் பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம்.

பெரியவர் போல்ட்டின் தலையைத் திருப்பிப் பார்த்தார். மொட்டைத் தலை, எழுத்துமில்லை, எண்ணுமில்லை. அதை வைஸில் பிடித்து, ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி முறுக்கினார். கழுத்து நீண்டு, பிறகு அறுந்தது. 8.8 என்று தலையில் பொறித்த இன்னொன்றை அதே மாதிரி முறுக்கினார், அது அசையவில்லை.

அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. முதல் 8, ஒரு சதுர மில்லி மீட்டருக்கு 800 நியூட்டன் இழுப்பு வரை அறாது என்பதைக் குறிக்கும். அடுத்த 8, அதில் 80 சதவிகிதம் வரையில் நிரந்தரமாக நீண்டு போகாது என்பதைக் குறிக்கும். 12 மில்லி மீட்டர் போல்ட்டு 8.8 ரகமானால் ஏறக்குறைய 7 டன் தாங்கும், 4.6 ரகம் மூன்றரை டன்னோடு சரி. அங்குலப் போல்ட்டுகளில் எண்ணுக்குப் பதில் கீற்றுகள் இருக்கும். மூன்று கீற்று 8.8-க்கும், ஆறு கீற்று 10.9-க்கும் ஏறக்குறையச் சமம்.

"அப்படியானால் 12.9 போட்டு விடலாமே?" என்றான் பையன்.

"கடினமெல்லாம் பலமாகாது, தம்பி. அதுக்குத் துத்தநாக முலாம் பூசும்போது பக்குவம் தப்பினா, சொல்லாமக் கொள்ளாம ஒடியும். படத்திலே என்ன போட்டிருக்கோ, அதைப் போடு" என்றார் பெரியவர். மினுக்குகிறதே என்று எவர்சில்வர் போல்ட்டுப் போடுவதையும் இங்கே வேண்டாமென்றார்.

அங்குலமும் மில்லி மீட்டரும் கலந்து கிடப்பது பழைய வினை. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-ல் மரைகளுக்கு ஒரே அளவு வகுக்க முயன்றார். அமெரிக்கா தன் வழியே சென்றது. யுத்த காலத்தில் ஒருவர் நட்டு மற்றவர் போல்ட்டில் ஏறாமல் அவதிப்பட்ட பிறகு, 1948-ல்தான் பிரிட்டன், அமெரிக்கா, கானடா மூன்றும் உடன்பட்டன. நாம் 1956-ல் மெட்ரிக் சட்டம் செய்தோம். ஆயினும் 2014 வரையில் உற்பத்தியான அம்பாஸிடரின் பழைய பாகங்களில் அங்குலம் இன்னும் குடியிருக்கிறது. ஆகவே துளைக்கேற்ற போல்ட்டை வாங்க வேண்டுமேயன்றி, போல்ட்டுக்கேற்பத் துளையை ஏமாற்றக் கூடாது.

பெரியவர் மேலும் சில விதிகள் சொன்னார். பாரம் வெட்டும் இடத்தில் போல்ட்டின் வழவழப்பான தண்டு இருக்க வேண்டும். மரை வரக் கூடாது. நைலான் வளையம் வைத்த நட்டைக் கழற்றினால் மறுபடியும் உபயோகிக்கலாகாது. புகைக் குழாயருகில் அது இளகி விடும். ரப்பர் புஷ் உள்ள இடங்களில், வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்ற பிறகே கடைசி முறுக்கு. நட்டு கழன்றால் உயிருக்கு ஆபத்தான இடங்களில், பள்ளம் வெட்டிய நட்டும், அதனூடே குறுக்கே செல்லும் பின்னும் வேண்டும்.

சரக்குக்கும் இன்று பஞ்சமில்லை. சுந்தரம் பாஸ்ட்னர்ஸ் கம்பெனி சென்னைப் பாடியில் 1966 முதல் உயர்ந்த ரகப் போல்ட்டுகள் செய்து வருகிறது. நல்லதற்கும் மட்டமானதற்கும் விலை வித்தியாசம் ஒரு வேளைக் காப்பிச் செலவுதான்.

எல்லாம் சொல்லி முடித்துப் பெரியவர் கேட்டார்: "வண்டியிலே முதல்லே யாரு உக்காரப் போறா?"

"எங்க அம்மா" என்றான் பையன். பதிவும் சோதனையும் இன்றி ரஸ்தாவில் ஓட்டச் சட்டம் இடந்தராது. எனவே முதல் சவாரி, வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் எங்கள் கரிசல் காட்டுப் பாதையில்தான்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தை எடுத்துப் பழைய இரும்புத் தகரத்தில் கொட்டினார். பையனும் தடுக்கவில்லை.

மறுநாளே அவன் மதுரைக்குப் போய், தலையில் மூன்று கீற்றுள்ள அரை அங்குலப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கி வந்தான். நட்டின் குறுக்கே பின்னைச் செருகி மடக்கும் போது நம் தமக்கை எட்டிப் பார்த்து, "இது நம்ம வண்டிக் கடையாணி மாதிரியல்லவா இருக்கிறது!" என்றாள்.