ஆமென் சொல்றதுக்கு முன்னாடி ஒரு பக்கம் திருப்புங்க சாமி

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னைக்கு எழுதப் போறது கொஞ்சம் காரமான மேட்டர். கிறிஸ்தவ நண்பர்கள் யாராவது ஆட்டோ அனுப்பினாலும் அனுப்பலாம். மத்த நண்பர்கள் "இது உங்க வீட்டுப் பஞ்சாயத்து"ன்னு ஓடிடாதீங்க. மேடையில இருந்து என்ன சொன்னாலும் தலையாட்டுற வியாதி எல்லா வீட்லயும் இருக்கு :-)

முதல்ல ஆபீஸ் கதை. எங்க டீம்ல ஒருத்தர் எழுதின கோடை இன்னொருத்தர் படிச்சுப் பார்த்து ஓகே சொன்னாத்தான் உள்ளே போகும். பதினஞ்சு வருஷ அனுபவம் உள்ள ஆர்க்கிடெக்ட் எழுதினாலும் இதே விதிதான். சில நாள் சோம்பேறித்தனத்துல ஃபைலைத் திறக்காமலே "நல்லா இருக்கு"ன்னு போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவோம். அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாம் படுத்துக்கும். விசாரணை வரும்போது எழுதினவனை மட்டும் கேக்க மாட்டாங்க. படிக்காம ஓகே சொன்னது யாருன்னும் கேப்பாங்க.

அதே நான், ஞாயித்துக்கிழமை கோயில்ல என்ன பண்றேன்? (எங்க ஊர்ப்பக்கம் சர்ச்சை கோயில்னுதான் சொல்லுவோம்.) முப்பது நிமிஷப் பிரசங்கம். புத்தகத்தைத் திறக்கிறதே இல்லை. கடைசியில ஆமென். வெளிய வந்து "ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு ஐயா"ன்னு கை குலுக்கிட்டு நேரா பிரியாணிக்கு. மதியம் ரெண்டு மணிக்கு "இன்னைக்கு என்ன பிரசங்கம்?"னு அம்மா கேட்டா முழிக்கிறது.

இதுல என்ன பெரிய நஷ்டம்னு ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். எங்க பெரியம்மா வளையல் போனப்பதான் உறைச்சது.

2022 மே மாசம். லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து ஊர் மைதானத்துல மூணு நாள் கன்வென்ஷன். பேர் எல்லாம் வேண்டாம். பெரியப்பா போனதுக்கு அப்புறம் பெரியம்மா தையல் மெஷினை மிதிச்சுத்தான் குடும்பத்தை ஓட்டிட்டு இருந்தாங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போனவன் நான்தான். கடைசி நாள், காணிக்கை எடுக்கிறதுக்கு முன்னாடி, பிரசங்கியார் லூக்கா 21-ஆம் அதிகாரம் முதல் நாலு வசனத்தை வாசிச்சார். ஏழை விதவை ரெண்டு காசு போட்ட கதை. "அவள் ஜீவனத்துக்கு இருந்ததையே போட்டாள். நீ எதைப் பிடிச்சு வச்சிருக்கே?"ன்னு கேட்டார். கீபோர்டு மெல்லமா அழுதுக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கட்டடம் எழும்ப யாருக்குப் பாரம் இருக்குன்னு கேட்டதும் கூட்டமே ஆமென் சொல்லுச்சு. நானும் சொன்னேன்.

பெரியம்மா ரெண்டு வளையலைக் கழட்டிப் பையில போட்டுட்டாங்க. அது தங்கச்சியோட நர்சிங் மூணாம் வருஷ ஃபீஸுக்கு எடுத்து வச்சிருந்தது.

ராத்திரி பஸ்ல சென்னை திரும்பறப்ப தூக்கம் வரலை. மொபைல்ல அந்த அதிகாரத்தைத் திறந்தேன். விரல் தவறி ஒரு பக்கம் முன்னாடி போயிடுச்சு. லூக்கா 20-ஆம் அதிகாரத்தோட கடைசி வரிகள். நீள அங்கி போட்டுக்கிட்டு, சந்தையில வணக்கம் வாங்கிக்கிட்டு, முதல் வரிசையில உட்கார ஆசைப்படுற வேதபாரகர்களைப் பத்தி இயேசு எச்சரிக்கிறார். அவங்க மேல சொல்ற குற்றச்சாட்டு என்ன தெரியுமா? விதவைகளோட வீடுகளை விழுங்குறாங்க, பார்வைக்கு நீளமா ஜெபம் பண்றாங்க. அடுத்த வசனத்துல நிமிர்ந்து பார்க்கிறார், ஒரு விதவை தன்கிட்ட மிச்சம் இருந்த ரெண்டு காசையும் பெட்டியில போடுறா. அதுக்கு அடுத்த வசனங்கள்ல, அந்த ஆலயத்தோட அழகான கல்லைப் பத்தி சிலர் பெருமையா பேச, ஒரு கல்லு மேல இன்னொரு கல்லு நிக்காத நாள் வரும்னு சொல்றார்.

ஒரே மூச்சுல வர்ற பேச்சு அது. நடுவுல ஒரு நம்பர் வந்து வெட்டிடுச்சு. அந்த நம்பரை லூக்கா போடலை. இப்ப நாம பாக்குற அதிகாரப் பிரிவை 13-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல ஸ்டீபன் லாங்டன் செஞ்சார்னு பொதுவா சொல்லுவாங்க. புதிய ஏற்பாட்டு வசன எண்கள் ராபர்ட் எஸ்தியேன் என்கிற அச்சுக்காரர் 1551-ல் போட்டது. தேடி எடுக்க வசதிக்காகப் போட்ட கோடு. நாம அதை வேலி மாதிரி நினைச்சு, அந்தப் பக்கம் எட்டியே பாக்குறதில்லை. மாற்கு சுவிசேஷத்துல இதே ரெண்டு விஷயமும் 12-ஆம் அதிகாரத்துக்குள்ளேயே அடுத்தடுத்து இருக்கு. அங்க கோடு கூட இல்லை, இருந்தும் யாரும் சேர்த்து வாசிச்சு நான் கேட்டதில்லை.

அந்த விதவையை இயேசு மெச்சுறார்னு சொல்றவங்க சொல்லட்டும், எல்லாரையும் விட அவள்தான் அதிகம் போட்டான்னு அவர் சொல்றது உண்மைதான். ஆனா "நீங்களும் இப்படிப் போடுங்க"ன்னு அங்க ஒரு வார்த்தை இல்லை. விதவை வீட்டை விழுங்குறதைக் கண்டிக்கிற வசனத்தை விட்டுட்டு, அடுத்த வசனத்தை மட்டும் எடுத்து ஒரு விதவை கை வளையலைக் கழட்ட வைக்கிறதுக்கு என்ன பேர் வைக்கலாம்? நீங்களே வைங்க.

இன்னொண்ணு. கட்டடக் காணிக்கைன்னா உடனே வர்ற வசனம், விதைக்கிறது அறுக்கிறது பத்தின 2 கொரிந்தியர் 9. அந்த 8, 9 ரெண்டு அதிகாரத்தையும் உட்கார்ந்து வாசிச்சா பதினஞ்சு நிமிஷம் ஆகாது. பவுல் அங்க வசூல் பண்றது எருசலேம்ல இருந்த ஏழை விசுவாசிகளுக்காக. அவருக்குக் கட்டடமும் இல்லை, காரும் இல்லை. அதோட, இந்தப் பணத்தை நாங்க கையாள்ற விதத்துல யாரும் குறை சொல்லிடக் கூடாதுன்னு, சபைகளே தெரிஞ்செடுத்த ஆளையும் கூட அனுப்புறார். 8-ஆம் அதிகாரத்துல இருக்கு. காணிக்கை நேரத்துல 9-ஐ வாசிக்கிறவங்க 8-ஐயும் வாசிச்சா கணக்கு கேக்க வேண்டி வரும். நிற்க.

இப்போ பிரசங்கியாரைக் கும்மிட்டு நான் கிளம்பிடலாம். சுலபம். ஆனா இந்தப் பதிவு அவருக்கு இல்லை. எனக்கும், என்னை மாதிரி பின்வரிசையில செல்ஃபோனை நோண்டிக்கிட்டு ஆமென் போடுற படிச்ச ஜென்மங்களுக்கும்தான். பெரியம்மா அஞ்சாம் கிளாஸ். நான் பி.ஈ. கையில மொபைல்ல முழு பைபிள். ஒரு தடவை விரலை மேல தள்ளியிருந்தா போதும்.

மறுநாள் ஃபோன் பண்ணி வசனத்தை எல்லாம் விளக்கினேன். பெரியம்மா கடைசி வரைக்கும் கேட்டுட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. "நீயும் அங்கனதான இருந்தே? அப்பவே சொல்லிருக்கலாம்லாய்யா."

இதை எழுதி இருக்கணும்னு நினைச்சு நினைச்சு இத்தனை நாள் தள்ளிப் போட்டதுக்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

சரி, இப்ப வழக்கமா வர்ற பதில்கள்.

"தேவ மனுஷனைக் கேள்வி கேக்கலாமா?" அப்போஸ்தலர் 17 எடுங்க. பெரோயா ஊர்க்காரங்க, பவுல் சொன்னதை ஆசையா கேட்டுட்டு, அது அப்படித்தானான்னு தினமும் வேதத்தைத் திறந்து பார்த்தாங்க. லூக்கா அவங்களைத் திட்டலை, தெசலோனிக்கே ஆட்களை விட நல்ல குணம்னு பாராட்டி எழுதுறார். பவுலையே சரி பார்த்தவங்களுக்குப் பாராட்டு. நம்ம ஊர் கன்வென்ஷன் பிரசங்கியார் பவுலை விடப் பெரியவரா?

"விசுவாசம் இருந்தாப் போதும், ஆராய்ச்சி எதுக்கு?" பன்னிரண்டு வயசுல இயேசு ஆலயத்துல என்ன பண்ணிட்டு இருந்தார்? போதகர்கள் நடுவுல உட்கார்ந்து, கேட்டுக்கிட்டும் கேள்வி கேட்டுக்கிட்டும் இருந்தார். நம்ம பையன் சண்டே ஸ்கூல்ல கேள்வி கேட்டா "வாயை மூடு, மனன வசனத்தைச் சொல்லு"ங்கிறோம்.

"நாங்க சாதாரண ஜனங்க, எங்களுக்கு என்ன தெரியும்?" இதுக்குத்தான் எனக்குக் கோவம் அதிகம் வருது. சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில வந்து இறங்கி, தமிழ் கத்துக்கிட்டு, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சு முடிச்சார். இந்திய மொழிகள்ல அச்சான முதல் புதிய ஏற்பாடு நம்ம தமிழ்தான். இத்தனை பாடும் எதுக்கு? சாதாரண ஜனங்க கையில புத்தகம் போய்ச் சேரணும்னுதானே? நாம அதுக்கு ஜிப் உறை போட்டு, உள்ளே காஞ்ச பூவும் வாக்குத்தத்த அட்டையும் வச்சு, வாரம் ஒரு தடவை காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறோம்.

அதுக்காக பிரசங்கத்துக்கு நடுவுல எழுந்து நின்னு சண்டை போடச் சொல்லலை. நான் இப்ப பண்றது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு நோட்டு, ஒரு பென்சில். வாசிக்கிற பகுதிக்கு முன்னாடி ஒரு அதிகாரம், பின்னாடி ஒரு அதிகாரம். யார் யாருக்கு எப்ப சொன்னதுன்னு ஒரு வரி. புரியாத இடத்துல ஒரு கேள்விக்குறி. வாரம் ஒரு கேள்வியை எங்க போதகர்கிட்டயே கொண்டு போறேன். முதல் தடவை போறப்ப பயம்தான். திட்டுவார்னு நினைச்சேன். அவர் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுச் சொன்னார்: "நல்லா இருந்துச்சுன்னு சொல்றவங்க நிறைய பேர் தம்பி. இந்த வசனம் ஏன் இப்படின்னு கேக்க ஆளே வர்றதில்லை. அப்புறம் நானும் எதுக்கு ராத்திரி முழிச்சுத் தயார் பண்ணணும்னு தோணிடும்."

கவனிச்சீங்களா? நாம தூங்கினா நல்ல போதகரும் தூங்கிடுவார். கெட்டவர் மட்டும் முழிச்சிட்டு இருப்பார்.

பெரியம்மா இப்பவும் அதே கோயிலுக்குத்தான் போறாங்க, காணிக்கையும் போடுறாங்க. அது அவங்க இஷ்டம், நான் தடுக்க மாட்டேன். ஆனா போன தடவை ஊருக்குப் போனப்போ, மூணாவது வரிசையில உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, வாசிச்ச பகுதிக்கு முந்தின பக்கத்தை எச்சில் தொட்டுத் திருப்பிட்டு இருந்தாங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள பிரசங்கமே முடிஞ்சிடுச்சு. அன்னைக்கு ஆமென் சொல்லலை. "இன்னும் படிச்சு முடிக்கலைய்யா"ன்னாங்க.

டிஸ்கி: தங்கச்சி ஃபீஸை நான் கட்டினேன். படிப்பை முடிச்சுட்டா. இதுக்காக யாரும் என்னைப் பாராட்டிப் பின்னூட்டம் போட வேண்டாம், அது அபராதக் கணக்கு. வேணும்னா லூக்கா 20-ஐயும் 21-ஐயும் சேர்த்து வாசிச்சுட்டு வந்து கும்முங்க. காத்திருக்கேன்.