இன்று ஓட்டமில்லை

தில்லி அரை மாரத்தான் 2005ஆம் ஆண்டு தொடங்கியது. தொலைவு 21.0975 கிலோமீட்டர். பரிசுக்காக ஓடுவோர் சிலரே. ஓட்டக் குழுவில் சேர்ந்து பல மாதம் பயின்று, தம் பழைய நேரத்தைக் குறைக்க முயல்வோரே மிகுதி.

முன்பு இப்போட்டி நவம்பரில் நடைபெற்றது. 2017இல் புகைமூட்டத்தைக் காரணங்காட்டி, அதனைத் தள்ளிவைக்குமாறு இந்திய மருத்துவச் சங்கம் கோரியது. 2018இல் போட்டி அக்டோபருக்கு மாறியது. நல்ல மாற்றந்தான். ஆனால், அடுத்து வரும் ஜனவரி மாத மும்பை ஓட்டத்திற்குத் தில்லிக் குழுவினர் பயில்வது அதே புகை நாள்களில் அல்லவா?

பயிற்சியோ விடியுமுன் நடைபெறும். அவ்வேளையில் குளிர்காற்று தரையோடு படிந்து நுண்துகள்களை மேலெழவிடாது. ஓடுபவர் அமர்ந்திருப்பவரைவிடப் பன்மடங்கு காற்றை, பெரும்பாலும் வாய்வழியே இழுக்கிறார். உடல்நலம் நாடி ஓடி நுரையீரலைக் கெடுத்துக்கொள்வது என்ன கணக்கு?

தனியே ஓடுபவர் மூச்சு முட்டினால் நின்றுவிடுவார். குழுவில் ஓடுபவரோ, தோழர்கள் நகைப்பார்களோ என்று கூசித் தொடர்ந்து ஓடுவார். அக்கூச்சம் பொல்லாதது. எனவே, காற்றுத் தரக் குறியீடு மோசமாக இருக்கும் நாளில், 'இன்று ஓட்டமில்லை' என்று குழுத்தலைவரே முன்வந்து அறிவித்தல் வேண்டும். அன்றைய பயிற்சியை வீட்டுக்குள்ளேயே செய்துகொள்ளலாம்.