வீட்டில் ஒரு செயின் கிரைண்டர்: வாங்கலாமா, வேண்டாமா?

கம்ப்யூட்டர் இதழில் மரம் அறுக்கும் மெஷின் எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, நெட் இணைப்பும் எடுத்தவுடன் நாம் எல்லோரும் செய்யும் ஒரு வேலை, ஆன்லைன் கடைகளைச் சுற்றிப் பார்ப்பது. அப்படிச் சுற்றியபோது நான் வாங்கியது ஒரு மின்சார கிரைண்டர். மாவு அரைக்கும் கிரைண்டர் அல்ல! செயின் சா எனப்படும் மரம் அறுக்கும் மெஷினின் செயினைச் சாணை பிடிக்கும் கிரைண்டர். ஒரு சிறிய மோட்டார், தட்டு போன்ற மெல்லிய சாணைக்கல், செயினைப் பிடித்துக்கொள்ள ஒரு கிளாம்ப், கோணம் காட்டும் அளவு. அவ்வளவுதான்.

நான் இருப்பது மணவூரில். சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் திருவாலங்காட்டுக்கு முந்தைய ஸ்டேஷன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது என் தோட்டத்தில் 2 மாமரங்கள் சாய்ந்தன. மெஷினும் ஆளும் கிடைக்காமல் ஒரு வாரம் அவை அப்படியே கிடந்தன. அதன் பிறகுதான் சொந்தமாகச் செயின் சா வாங்கினேன். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, மெஷின் பெரிய செலவு இல்லை, செயினைக் கூராக வைத்திருப்பதுதான் ஓயாத வேலை என்று. அறுக்கும்போது செயின் ஒரு முறை மண்ணில் உரசினால் போதும், கூர் போய்விடும். தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரர் கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாம் தீட்டுவார். இதைத் தொட மாட்டார். ஒவ்வொரு முறையும் அரக்கோணம் போய்க் காத்திருக்க வேண்டும். அதனால் விலை குறைந்த கிரைண்டர் ஒன்றைப் பார்த்ததும் மவுஸைக் கிளிக் செய்துவிட்டேன்.

முதல் நாளே 2 தவறுகள்

கிரைண்டர் வந்த அன்று ஊரில் கரன்ட் இல்லை. ஆசை யாரை விட்டது? கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருக்கிறதே என்று, கம்ப்யூட்டர் மேஜையிலேயே கிளாம்பை மாட்டி, பிளக்கை யு.பி.எஸ்.ஸில் செருகினேன். சுவிட்சைப் போட்டதும் யு.பி.எஸ். கீச்சென்று கத்தியது. கம்ப்யூட்டர் அணைந்தது. சேமிக்காமல் வைத்திருந்த கடிதமும் போனது. மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில், ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். வீட்டு யு.பி.எஸ். அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

அடுத்த தவறு அதைவிட மோசம். கரன்ட் வந்ததும் அதே மேஜையில் வைத்து 30 பற்களுக்கு மேல் தீட்டினேன். சாணைக்கல்லிலிருந்து பறப்பது வெறும் தூசி அல்ல, இரும்புத் துகள். அது மின்சாரத்தைக் கடத்தும். கம்ப்யூட்டர் கேபினட்டின் ஃபேன் அறைக் காற்றை உள்ளே இழுக்கிறது. துகளும் சேர்ந்து உள்ளே போய் மதர்போர்டின் மேல் படிந்தால், எந்த இரண்டு பின்களை எப்போது இணைக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல வேளை, சர்வீஸ் செய்யும் தம்பி கேபினட்டைத் திறந்து சுத்தம் செய்து கொடுத்தார். ஆகவே முதல் விதி: கிரைண்டரும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. ஒரே ஸ்பைக் பஸ்டரிலும் இருக்கக் கூடாது.

மெஷின் வந்தால் போதுமா?

தீட்டிய செயினைப் பக்கத்துத் தெருவில் சவுக்கு வெட்டும் அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒரு பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், இது நீலம் பாஞ்சிருக்கு. இனிமே கூர் நிக்காது" என்றார். கல்லை ஒரே அழுத்தாக அழுத்தியதால் பல் சூடேறி, எஃகின் பதம் கெட்டிருந்தது. "சும்மா தொட்டுத் தொட்டு எடுக்கணும் சார். அவசரமே ஆகாது" என்று சொல்லி, தன் பையிலிருந்து ஒரு பைலை எடுத்துக் காட்டினார். கம்ப்யூட்டர் பைல் அல்ல, இரும்பை ராவும் உருண்டை அரம்.

அந்தச் செயினின் பல் எப்படி வேலை செய்கிறது என்பதை நெட்டில் தேடிப் படித்தேன். 1946இல் அமெரிக்காவில் ஜோ காக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி, மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டின் புழு வலமும் இடமுமாக மாறி மாறிக் கடித்து முன்னேறுவதைக் கவனித்தார். அதைப் பார்த்தே அவர் வடிவமைத்த செயின்தான் இன்றைய செயின்களுக்கு முன்னோடி. இன்றும் செயினில் ஒரு பல் இடப் பக்கம், அடுத்தது வலப் பக்கம். இரு பக்கமும் ஒரே கோணத்தில், ஒரே நீளத்தில் இருந்தால்தான் மெஷின் நேராக அறுக்கும். ஒரு பக்கம் குறைந்தால் வளைந்து வளைந்து போகும்.

கிரைண்டர் இதைச் சரியாகச் செய்யும். கோணத்தை ஒரு முறை வைத்துவிட்டால் எல்லாப் பல்லும் ஒரே அளவு. ஆனால் எந்தக் கோணம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலான செயின்களுக்கு 30 டிகிரி. பல்லுக்கு முன்னால் உள்ள சிறிய மேடு பல்லின் நுனியைவிடச் சுமார் 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். அதை அதிகம் தேய்த்துவிட்டால் பல் மரத்தை ஒரேயடியாகக் கவ்வி, மெஷின் நம் முகத்தை நோக்கித் துள்ளும். கூர் இல்லாத செயினும் இதே அளவு ஆபத்தானது. அறுக்கவில்லையே என்று நாம் உடல் பலத்தைக் கொடுத்து அழுத்துவோம், கை சறுக்கும். இங்கே தவறினால் போவது ஒரு பைல் அல்ல, ஒரு விரல்.

என் கருத்து

வாங்கலாம். ஆனால் முதலில் வாங்க வேண்டியது கிரைண்டர் அல்ல, அரம். செயினின் அளவு 0.325 அங்குலமாக இருந்தால் 4.8 மி.மீ. அரம். சிறிய மின்சார மெஷின்களில் வரும் 3/8 அங்குல லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ. அரம். கையால் சில முறை தீட்டிப் பழகியவருக்குத்தான் கிரைண்டர் என்ன செய்கிறது என்பது புரியும்.

அடுத்தது கணக்கு. எக்ஸெல்லைத் திறங்கள். ஒரு செல்லில் கிரைண்டரின் விலை, அடுத்த செல்லில் வெளியே ஒரு முறை தீட்டக் கொடுக்கும் கூலியும் பஸ் செலவும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால், எத்தனை முறை தீட்டினால் போட்ட பணம் திரும்பும் என்று தெரிந்துவிடும். வருடத்துக்கு 2 முறை கிளை கழிப்பவருக்கு அரமே போதும். தோப்பு வைத்திருப்பவர், கூலிக்கு மரம் வெட்டுபவர், 4, 5 செயின் வைத்திருப்பவர் ஆகியோருக்கு கிரைண்டர் நிச்சயம் லாபம்.

மூன்றாவது, விலை குறைவாக இருக்கலாம், பாதுகாப்பு குறையக் கூடாது. கல்லின் மேல் மூடி இருக்க வேண்டும். எர்த்துடன் கூடிய 3 பின் பிளக் இருக்க வேண்டும், அல்லது இரட்டை இன்சுலேஷனைக் குறிக்கும் சதுரத்துக்குள் சதுரம் என்ற முத்திரை இருக்க வேண்டும். கல்லில் அச்சிட்டுள்ள வேகம் மோட்டாரின் வேகத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். 108 மி.மீ. கல் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. உடைந்தால் துண்டும் அதே வேகத்தில் பறக்கும். மாட்டும் முன் கல்லை லேசாகத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல கல். 'தொப்' என்று கேட்டால் விரிசல், தூக்கிப் போடுங்கள். கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

இப்போது என் கிரைண்டர் மாட்டுக் கொட்டகையில், தனி பிளக் பாயின்டில் இருக்கிறது. சவுக்கு வெட்டும் அண்ணனும் மாதம் ஒரு முறை தன் செயின்களைக் கொண்டு வந்து தீட்டிக்கொள்கிறார். எந்தச் செயினுக்கு எந்தக் கோணம் என்ற பட்டியலை டைப் செய்து, பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கும் கிரைண்டருக்கும் இந்த ஒரு தொடர்பு மட்டும் போதும். உங்கள் வீட்டில் நிலைமை எப்படி? எழுதுங்கள்.