பள்ளியும் உடன் வருமா?

பிழைப்புக்காக ஊர் மாறும் தந்தை தன் பிள்ளையின் பள்ளியையும் கையோடு கொண்டு செல்ல முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறார்கள் அமெரிக்கர்கள். நம்பாதவர்கள் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகத் தரமணிக்கு ஒருமுறை போய்வரட்டும். அங்கே உயர்ந்த மதிலுக்குள் நடைபெறுகிறது சென்னை அமெரிக்கன் இன்டர்நேஷனல் பள்ளி. 1995ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. மறைமலை நகருக்கு ஃபோர்டும், இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாயும் வந்த காலம் அது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. பள்ளியோ நிலைத்து நிற்கிறது.

மாணவத் தோழர்களிடையே இப்பள்ளியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்களே கேட்கும். ஒன்று ஏக்கம், மற்றொன்று ஏச்சு. ஆண்டுக்குப் பல இலட்சம் ரூபாய் கட்டணம் என்றதும் இரண்டு குரலும் உரத்துவிடும். கட்டடத்தையும் கட்டணத்தையும் கண்டு மலைத்து நின்றால், அப்பள்ளி எதற்காகப் பிறந்தது என்பதை மறந்துவிடுவோம் என்பதே என் கருத்து.

இதன் வேர் கொடைக்கானலில் இருக்கிறது. மதுரைப் பக்கத்திலும் ஆர்க்காட்டுப் பக்கத்திலும் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரிமார்கள், பிள்ளைகள் சற்று வளர்ந்ததும் அவர்களைக் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்தனர். அப்பிரிவைத் தாங்க மாட்டாமல் 1901இல் கொடைக்கானலில் ஹைகிளர்க் என்ற பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கினர். முதல் தலைமையாசிரியை மார்கரெட் எட்டி. அப்பள்ளியே இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி. 1976இல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஐ.பி. பாடத்திட்டத்தை ஏற்றதும் அதுதான். பின்னர் அமெரிக்க அரசே இவ்வகைத் தேவையை உணர்ந்து, வெளிநாடுகளில் உள்ள அமெரிக்கப் பள்ளிகளுக்கு உதவ, 1964இல் தன் வெளியுறவுத் துறையில் தனி அலுவலகம் அமைத்தது.

இப்பள்ளிகளின் சூட்சுமம் நீச்சல் குளத்தில் இல்லை. இவ்வாண்டு சென்னையில் ஆறாம் வகுப்பு படிக்கும் சிறுவன், தந்தைக்கு மாற்றலானால் அடுத்த ஆண்டு மணிலாவிலோ நைரோபியிலோ ஏழாம் வகுப்பில் அமரலாம். பாடமுறையும் பயிற்றுமொழியும் பெரும்பாலும் ஒன்றே. மதிப்பெண் பட்டியலையும் அங்கே ஏற்றுக்கொள்வார்கள். பல குடும்பங்களுக்குக் கட்டணத்தைச் செலுத்துவது தந்தையை வேலைக்கு அனுப்பிய நிறுவனம். உழைப்பவனை அயலூருக்கு அழைப்பவனே அவன் பிள்ளையின் படிப்புக்கும் பொறுப்பு! எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

(நம் சேலையூர், மேடவாக்கம் பக்கம் ‘இன்டர்நேஷனல்’ என்று பலகை மாட்டிய பள்ளிகளை இக்கணக்கில் சேர்க்க வேண்டாம். பலவற்றில் உள்ளே நடப்பது சி.பி.எஸ்.இ. பாடம், படிப்பவர்கள் பக்கத்துத் தெருப் பிள்ளைகள்.)

இந்த நியாயம் ஏன் மதிலைத் தாண்டி வெளியே வரவில்லை? தரமணியிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே சென்றால், எழும்பி நிற்கும் அடுக்கு மாடிகளின் அடியில் தகரக் கொட்டகைகளைக் காணலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்கள் அவற்றில் வாழ்கின்றன. செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளிலும் அப்படியே. இவர்களும் பிழைப்புக்காக மொழி தெரியாத ஊருக்கு வந்தவர்களே. ஆனால் ஒருவருக்கு ‘எக்ஸ்பாட்’ என்று பெயர். மற்றவருக்கு ‘வடக்கத்தி ஆள்’ என்று பெயர்!

என் தந்தையார் கொத்தனார். வேலை முடியும் இடமெல்லாம் வீடு மாறியதால் எட்டாம் வகுப்புக்குள் மூன்று பள்ளிகள் கண்டேன். ஒரு பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று ஏறத்தாழ இரண்டு மாதம் சேர்க்க மறுத்தார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், சான்றிதழ் தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று சொல்வதை என் பெற்றோர் எப்படி அறிவார்கள்? எழுத்துக் கூட்டிப் படிக்கவே அவர்களுக்கு வராது. இத்தனைக்கும் எனக்கு மொழி ஒன்றே; தமிழ்நாட்டுக்குள் பாடநூலும் ஒன்றே. கஞ்சத்திலிருந்தோ பாலாங்கீரிலிருந்தோ வரும் குழந்தையின் பாட்டை எண்ணிப் பாருங்கள். சூளை வேலை பள்ளி ஆண்டின் நடுவில் தொடங்கி, மழைக்கு முன் முடிகிறது. அங்கும் அரையாண்டு, இங்கும் அரையாண்டு. எங்கும் முழு ஆண்டு இல்லை.

வெளிமாநிலத் தொழிலாளருக்காக 1979இல் இயற்றிய சட்டம் பயணப்படியையும் தங்குமிடத்தையும் மருத்துவ வசதியையும் ஒப்பந்தக்காரரின் பொறுப்பாக்கியது. பிள்ளைகளின் பள்ளியை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. எனினும் நம் மாநிலத்தில் நல்ல முன்மாதிரி உண்டு. செங்கற்சூளைக் குழந்தைகளுக்காக ஒடியாப் பாடநூல்களை வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களைக் கொண்டு வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். கொடைக்கானலில் அன்று செய்ததும் இதுவே: பிள்ளையின் பாடத்தைப் பெற்றோர் இருக்குமிடத்துக்குக் கொண்டு வந்தார்கள். அதைச் சூளைதோறும், பெருங்கட்டடந்தோறும் நிலையாக்க வேண்டும். செலவை அரசு மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? கோடிக்கணக்கில் வீடு விற்கும் கட்டட நிறுவனங்கள் தரட்டுமே! கார் நிறுவனம் தன் மேலாளருக்குச் செய்வதைத்தான் கேட்கிறோம்.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் சிறப்பு முகாமில் கோயில் குளம் தூர் வாருகிறார்கள், நல்லதே. வரும் முகாமை ஒரு கட்டடப் பணியிடத்தில் வைத்து, பள்ளி வயதில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள், என்ன மொழி பேசுகிறார்கள், எந்த வகுப்பில் நின்றார்கள் என்று பெயர் பெயராக எழுதி, வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுக்கலாம். இந்தி படிக்கத் தெரிந்தவர்கள் நம் விடுதியிலேயே நான்கைந்து பேர் இருக்கிறார்கள். திட்ட அலுவலரான பேராசிரியர் அனுமதி தந்தால் பட்டியல் வேலையைத் தொடங்க இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஆயத்தமாக உள்ளோம்.