படம் பார்த்து விழுந்த ஓட்டா?

"சினிமாவப் பாத்து ஏமாந்த சனங்க" என்று எங்க அருப்புக்கோட்டைக்காரர்களை இன்னும் எத்தனை நாள் சொல்வீங்க? 1977இல் எம்.ஜி.ஆரை இங்கே ஜெயிக்க வைத்தோம், முதல்வரானார்.

வெறும் முகத்துக்கு ஓட்டு விழுமென்றால், 1989இல் சிவாஜி திருவையாற்றில் தோற்றிருப்பாரா? நடிப்பில் அவருக்கு என்ன குறைச்சல்?

எம்.ஜி.ஆர் எங்களிடம் வெறும் நடிகராக வரல. திமுக மேடைகள், 1967 பரங்கிமலை வெற்றி, 1972இல் தனிக்கட்சி, 1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தல் எல்லாம் தாண்டித்தான் வந்தார். அந்த அரசியல்வாதிக்குத்தான் ஓட்டுப் போட்டோம் என்கிறேன்.

1980இல் மதுரை மேற்கு, 1984இல் ஆண்டிபட்டி என்று அவர் தொகுதி மாறிப் போனார். ஏன் ஏமாந்தாய் என்று வாக்காளனைக் குடைகிறவர்கள், இந்த வானம் பார்த்த பூமிக்கு என்ன செய்தீர்கள் என்று முதல்வரைக் கேட்டிருக்க வேண்டாமா?