நாற்பது வருஷத்துப் பழைய ஓட்டு

பிரெஞ்சுப் பிரதமர் மிஷேல் பார்னியே மூன்றே மாதத்தில் பதவி இழந்தபோது (2024 டிசம்பர் 4, எதிராக 331 ஓட்டு) நம்ம ஊர் சொல்தா பென்ஷன்காரர்கள் சிலர் ரொம்பவே வருத்தப்பட்டார்கள். கடற்கரையில் என் பக்கத்தில் உட்காரும் நண்பர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், தேர்தல் வந்தால் தவறாமல் ஓட்டுப் போடுகிறவர். இன்னமும் சொல்கிறார்: "கண்ணியமான மனுஷன்யா. அந்த 1981 கதையை எதுக்குக் கிளறினாங்க?"

கிளற வேண்டியதுதான் என்பது என் கட்சி.

பார்னியே 1951-இல் பிறந்தவர். ஏறக்குறைய என் வயசு. 27 வயதில் சவ்வா பகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். பிரெக்சிட் பேச்சுவார்த்தையில் அவர் காட்டிய பொறுமையை நானும் மெச்சியவன். ஆனால் நான் பழைய குமாஸ்தா. ஆளின் நடை உடையைப் பார்ப்பதில்லை, கோப்பில் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டார் என்றுதான் பார்ப்பேன். அங்கே பகிரங்க வாக்கெடுப்பு நடந்தால் யார் எந்தப் பக்கம் என்று பேரோடு அரசிதழில் அச்சாகிவிடும். அருமையான ஏற்பாடு. நம்மிடம் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பு. யார் கத்தினார், யார் தூங்கினார், யாருக்குத் தெரியும்?

1981 டிசம்பர் 20 வாக்கெடுப்பில் ஆதரவு 327, எதிர்ப்பு 155. அந்த 155-இல் பார்னியே உண்டு, சிராக்கும் உண்டு. "ஓரினச் சேர்க்கையைக் குற்றமில்லை என்று ஆக்குவதை எதிர்த்தார்" என்று இடதுசாரிகள் மொட்டையாகச் சொன்னது சரியில்லை. புரட்சிக் காலத்திலேயே, 1791-இல், அது குற்றப் பட்டியலிலிருந்து போய்விட்டது. "பார்த்தீரா, வெறும் வயசு விஷயம்தான்" என்று நண்பர் துள்ளுகிறார்.

அந்த வயசு விஷயம்தான் விஷயமே. 1942-இல் விஷி அரசு, ஜெர்மானியர் காலடியில் கிடந்த அரசு, கொண்டுவந்த சட்டம் அது. பையனும் பெண்ணும் என்றால் பதினைந்து வயதுக்கு மேல் சட்டம் குறுக்கிடாது. இருவரும் ஒரே பால் என்றால் 21 ஆக வேண்டும். 1974-க்குப் பிறகு 18. மீறினால் மூத்தவருக்குச் சிறை. விடுதலைக்குப் பிறகும் யாரும் அதை எடுக்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து எடுக்க வந்தபோது, முப்பது வயது பார்னியே "இருக்கட்டும்" என்று ஓட்டுப் போட்டார். மறுவருஷம் கருக்கலைப்புச் செலவைச் சமூகக் காப்பீடு திருப்பித் தரும் சட்டம் வந்தது. அதற்கும் எதிர்ப்பு.

கட்சி சொன்னது, போட்டார் என்கிறார்கள். அதே 1981 செப்டம்பரில் மரண தண்டனை ஒழிப்புக்கு சிராக்கும் பிலிப் செகானும் தங்கள் கட்சியின் பெரும்பான்மைக்கு எதிராக ஓட்டுப் போடவில்லையா? மனசாட்சிக்கு அங்கே வழி இருந்தது.

பிரதமரானதும், கருக்கலைப்பு உரிமையிலும் எல்லோருக்கும் திருமணம் என்ற சட்டத்திலும் கைவைக்க மாட்டோம் என்றார். சரி, நல்லது. உள்துறைக்கு யாரைப் போட்டார்? ரத்தாயோவை. 2024 மார்ச் 4 வெர்சாய்யில் கருக்கலைப்பு உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்க 780 பேர் ஆதரித்தார்கள், 72 பேர் எதிர்த்தார்கள். ரத்தாயோ அந்த 72-இல் ஒருவர். பழைய கோப்பை மூடிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே அதே நோட்டை அடுத்த மேசைக்குத் தள்ளுவதை நான் ஆபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நண்பர் கேட்டார். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவன், 1968-இல் குடும்பத்தோடு பாரிஸ் போனான். பத்தொன்பது வயதில் அவனுக்கு ஒரு துணை. அந்தத் துணைக்கு இருபத்து மூன்று. போலீஸ் வந்தால் அவர்தான் உள்ளே போவார் என்று பயந்து, இவனே வீட்டைக் காலி செய்துவிட்டு லியோனுக்கு ஓடினான். பிறகு கடைசிவரை தனி. சில வருஷம் முன்பு இங்கே வந்திருந்தபோது, காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொன்னான். சொல்லிவிட்டு, "அந்த 155 பேர் பட்டியல் என்னிடம் இருக்கு" என்றான்.