உலை அணைவதற்கு முன்

செஞ்சிக் கோட்டைக்குக் கேமரா இல்லாமல் வருவோர் அரிது. 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோட்டை இடம்பெற்ற பின் சொல்லவே வேண்டாம். சிங்கவரம் குன்றின் மேல் நின்றுகூடக் கோட்டையைப் படமெடுக்கிறார்கள். ஆனால் தானியக் களஞ்சியத்தில் நெல்லைக் கொட்டியவர் யார், அளந்தவர் யார் என்று காட்ட ஒரு படமும் இல்லை. அக்காலத்தில் கேமரா இல்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை.

நெய்வேலிக்கு அந்தச் சமாதானம் செல்லாது. 1993 வரை செஞ்சியும் நெய்வேலியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்கள்தாம். அங்கே சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 50 மெகாவாட் அலகுகள் ஆறு, 100 மெகாவாட் அலகுகள் மூன்று, ஆக 600 மெகாவாட். 2020இல் அது நிறுத்தப்பட்டது. அதன் உட்புறத்தை முறையாகப் படமெடுத்து மக்கள் பார்வைக்கு வைப்பது கோட்டையைக் காப்பதற்கு இணையான வேலை என்பது என் கருத்து.

'பழைய இரும்பைப் படம்பிடித்து என்ன பயன்?' என்று நண்பர்கள் சிரிக்கலாம். வெளியே நின்று எடுத்தால் புகைபோக்கிதான் தெரியும். பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். அதை உலர்த்திப் பொடியாக்கி எரிக்க வேண்டியிருப்பதால், அதன் கொதிகலன் கருநிலக்கரிக் கொதிகலனைவிடப் பெரியது. அந்த உயரத்தைப் பாடநூலில் எண்ணாகப் படிப்பது வேறு. அடியில் ஒரு தொழிலாளி நிற்கும் படத்தில் காண்பது வேறு.

எடுப்பதும் எளிதன்று. அவ்வளவு பெரிய கூடத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் எங்கே போய்ச் சேரும்? முக்காலியில் கேமராவைப் பொருத்தி, ஷட்டரைச் சில நொடிகள் திறந்துவைக்க வேண்டும். சன்னல் ஒளிக்கு ஒரு படம், இருண்ட மூலைக்கு ஒரு படம். துருவையும் ஒட்டடையையும் அழகு பார்க்கும் படங்களை நான் சொல்லவில்லை. அவற்றில் ஆள் இருப்பதில்லை. எந்த வால்வை யார் திருப்பினார், சத்தத்தைக் கேட்டே எந்திரத்தின் கோளாறை எப்படி அறிந்தார் என்ற குறிப்பு படத்தின் கீழே வேண்டும். நிலையத்துக்கும் சுரங்கத்துக்கும் நிலம் தந்து ஊர் மாறியவர்களின் பெயரும் வேண்டும்.

இலண்டனில் பேங்க்சைடு மின்நிலையம் 1981இல் மூடப்பட்டு, 2000இல் டேட் மாடர்ன் கலைக்கூடமாயிற்று. டர்பைன் கூடம் என்ற பெயர் இன்றும் இருக்கிறது, டர்பைன்தான் இல்லை. கட்டடம் பிழைத்த இடத்திலேயே இந்தக் கதி! 2017இல் நிறுத்தப்பட்ட நம் எண்ணூர் நிலையத்தைப் பற்றி என்ன சொல்ல?

பாதுகாப்புக் கருதி உள்ளே கேமராவைத் தடுப்பார்கள். ஓடும் நிலையத்தில் அது நியாயமே. ஆயினும் கல்லூரி வழியாக விண்ணப்பித்து, அவர்கள் காட்டும் இடங்களில் மட்டும் எடுக்கலாமே. அடுத்து நிறுத்தப்படும் நிலையத்தையாவது உலை எரியும்போதே எடுத்துவிட வேண்டும். முதல் நிலையத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் வீட்டு ஆல்பங்களில் கூடத்தின் நடுவே எடுத்த குழுப்படங்கள் இருக்கக்கூடும். வரலாற்றுத் துறை மாணவர்கள் இந்த விடுமுறையிலேயே அவற்றைத் தேடிப் போகலாம். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை, வீட்டுக்காரரைத் தவிர.